உறுப்பினர்களுக்கு மட்டும்

சுயம்புலிங்கம் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பைக் கிழக்கு வாசலிலும் மற்றதைத் தெற்கு வாசலிலும் கழற்றிப் போடுவார். ஒற்றைச் செருப்பை எந்தக் களவாணியும் எடுக்கமாட்டான் என்பது அவர் கணக்கு. சாமி கும்பிட்டு முடித்து, ஒரு காலில் செருப்போடு இன்னொரு வாசலைத் தேடி அவர் நடக்கும்போது போடி பஜாரே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். சிரிக்கட்டுமே. சிரித்தவர்களின் செருப்பு எத்தனையோ காணாமல் போயிருக்கிறது, இவருடையது ஒன்றுகூடப் போனதில்லை.

அப்பேர்ப்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே மனிதர் ஜெபமணி. ஏலக்காய்த் தரகர். மலையிலிருந்து காய் கொண்டுவருகிறவர்களுக்கும் சுயம்புலிங்கம் மாதிரி வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று விலை முடித்துக் கொடுப்பது அவர் பிழைப்பு. அந்தப் பேரம் வாயால் நடக்காது. தரகர் தன் தோள் துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொள்வார். விற்கிறவர் துண்டுக்குள் கையை விட்டுத் தரகரின் விரலைப் பிடித்து அழுத்தி விலையைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும், விலை தெரியாது. துண்டுக்குள் பிடித்த விரல் வெளியே கசிந்தது என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால், அந்தத் தரகர் கடையைப் பூட்டிக்கொண்டு ஊரைப் பார்த்துப் போகவேண்டியதுதான். ஜெபமணிக்கு அந்தப் பேர் ஒருநாளும் வந்ததில்லை.

பஜாரில் கடைப்படி ஏறுகிற எல்லாரும் எல்லாருக்கும் அண்ணாச்சிதான். இவர்கள் இரண்டு பேர் மட்டும் ஒருவரையொருவர் மாப்ளே என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒருவர் விபூதி, மற்றவர் சர்ச்சு. சொந்தமுமில்லை, பந்தமுமில்லை. சதுரங்கம் கொண்டுவந்து சேர்த்த உறவு அது.

சதுரங்கக் கழகத்தை ஆரம்பித்ததும் இவர்கள்தான். சுயம்புலிங்கம் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்கு மேலே ஒரு கூடமும் ஓர் அறையும் சும்மா கிடந்தன. கூடத்தில் நாலு மேசை போட்டார்கள். மருந்துக்கடை சங்கரலிங்கம் தலைவர், ஸ்டூடியோ வீரபாண்டி பொருளாளர், சுயம்புலிங்கம் செயலாளர், அவர் கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை வெறும் உறுப்பினர். ஜெபமணி பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு பெரிய தகரத்தில் தன் கையாலேயே கட்டம் கட்டமாகப் பெயிண்ட் அடித்து, கட்டத்துக்கு ஓர் ஆணி வைத்து, அட்டையில் வெட்டிய காய்களைத் தொங்கவிட்டார். அந்தப் பலகையைத் தெருவைப் பார்த்த மாதிரி கீழ்வாசலில் மாட்டினார். போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்ப்பான். ஆட்டம் தெரிந்தவன் யோசனை சொல்வான். தெரியாதவன் அதைவிடச் சத்தமாகச் சொல்வான். தேவாரத்திலிருந்து வந்த கல்யாணத் தரகர் ஒருத்தர், ஜாதகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ராணியை எங்கே வைப்பது என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டுவிட்டுப் போனார். அவர் சொன்னபடியே வைத்தார்கள், நன்றாகத்தான் இருந்தது.

உலகப் போட்டியைப் பற்றி ரேடியோவில் ஓயாமல் பேசி முடித்த மறுவருஷம், எழுபத்தி மூன்றில், மலைமேல் இருந்த ஓர் எஸ்டேட்டின் கிளப்பிலிருந்து சவால் வந்தது. தினம் ஒரு நகர்த்தல். காலை பஸ்ஸில் கண்டக்டர் கையில் போடியின் நகர்த்தல் ஏறும், சாயங்கால பஸ்ஸில் மலையின் பதில் இறங்கும். தோற்ற பக்கம் ஜெயித்த பக்கத்துக்கு விருந்து வைக்க வேண்டும். போடிக்கு வெள்ளைக் காய். எடுத்த எடுப்பில் எல்லாம் நன்றாகவே போனது.

பிறகுதான் சுயம்புலிங்கத்தின் மூக்கு வேர்க்க ஆரம்பித்தது.

குதிரையை நடுவில் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று வாசல் பலகையடியில் ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். குதிரை புறப்படுவதற்குள்ளேயே அந்த இடத்தைப் பார்த்த மாதிரி மலையிலிருந்து ஒரு சிப்பாய் வந்து நின்றது. சரி, யானையைத் திறந்த வரிசைக்குக் கொண்டுவரலாம் என்று பேசினார்கள். மறுநாளே அவர்கள் யானை அந்த வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நம்ம வாயிலருந்து விழுந்ததும் அவுக காதுல போய் விழுது" என்றார் சுயம்புலிங்கம். "இந்த வாசல்ல நிக்கிறவுகள்ல எவன் மலைக்குப் போறவன், எவன் மலையிலருந்து வாரவன்னு யாருக்குத் தெரியும்? இனிமே பேச்செல்லாம் உள் அறையில. கதவுல போர்டு மாட்டுறேன். உறுப்பினர்களுக்கு மட்டும்."

இதற்காகவே ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். ஜெபமணி ஒருவர்தான் எதிர்த்துப் பேசினார்.

"மாப்ளே, கதவைச் சாத்திக்கிட்டா நமக்கு மூளை கூடிருமா?"

"மூளை கூடாது. களவு குறையும்."

"என்ன களவு? யானையத் திறந்த வரிசைக்குக் கொண்டுவாரது ஒரு ரகசியமா? ஆடத் தெரிஞ்ச எவனும் அதத்தான செய்வான். வாசல்ல நாலு பேரு பேசுனா அதுல ஒரு பேச்சாவது நமக்கு ஆகும். அந்த அறையில நாம அஞ்சு பேரும் உக்காந்து ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு என்ன செய்ய?"

சங்கரலிங்கத்துக்கு இரண்டு பக்கமும் சரியாகப் பட்டது. அவருக்கு எப்போதுமே அப்படித்தான். கடைசியில், கட்டடம் செயலாளருடையது என்பதை நினைத்துக்கொண்டு, கதவுப் பக்கம் கையைத் தூக்கினார். பச்சைப் பெயிண்டில் போர்டு எழுதி மாட்டியாயிற்று. வாசல் பலகையில் காய்கள் அப்படியே தொங்கின, மாற்றிவைக்கத்தான் ஆள் இல்லை. சொல்லி வாய் சலித்தவர்கள் எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

கதவைச் சாத்தியாவது கசிவு நின்றதா என்றால் அதுதான் இல்லை. உள்ளே கிசுகிசுத்துப் பேசி அனுப்பிய நகர்த்தலுக்கும் மலையிலிருந்து நல்ல பதிலாகவே வந்தது. வாசலில் ஐம்பது பேர் நின்றபோது சந்தேகத்தை ஐம்பதாகப் பங்கு போடலாம். இப்போது உள்ளே இருந்தது ஐந்தே பேர். ஆளுக்கு வந்த பங்கு பெரிதாக இருந்தது. வீரபாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஏன் ஜன்னலோரம் என்று தோன்றியது. சங்கரலிங்கம் இருமினால் அது யாருக்கான இருமல் என்று தோன்றியது. சுயம்புலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் மனைவி பாண்டியம்மாள்தான் தெரியாமல் அந்தத் தீக்குச்சியை உரசினாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஜெபமணி அண்ணாச்சி மக ஞானசெல்விக்குப் பையன் பெறந்திருக்கானாம். மருமகன் மேல எஸ்டேட் ஆபீசுலதான இருக்காரு. சனிக்கிழம சனிக்கிழம அம்மாக்காரி சுகிர்தம் கூடை கட்டி பஸ்ஸுல ஏத்திவிடுதாக" என்றாள்.

சுயம்புலிங்கத்தின் கை இலையிலேயே நின்றது. மருமகன் எந்த எஸ்டேட்டில் இருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாததா? கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். ஆனால் தெரிந்த விஷயமே அன்றைக்கு வேறு முகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். கண்டக்டர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, தன் சாமான் ஒன்று மாறி ஏறிவிட்டது என்று கிளீனரிடம் சொல்லிவிட்டு, ஜெபமணி வீட்டுக் கூடையை அவிழ்த்தார். சொல்லவே கூசுகிறது, ஆனால் அவிழ்த்தார். பிள்ளைமருந்து, சுக்கு, நல்லெண்ணெய், பழைய வேட்டியைக் கிழித்து மெத்தென்று துவைத்து மடித்த பிள்ளைத்துணி. துணியை உதறியும் பார்த்தார். ஒன்றுமில்லை. வேறொருவனாக இருந்தால் அத்தோடு வெட்கப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பான். இவர் கூடையைக் கட்டிக்கொண்டே, துண்டுச்சீட்டு எதற்கு, வாயால் சொல்லி அனுப்பினால் போதாதா என்று யோசித்தார்.

அப்புறம் வைத்தார் பொறியை. உள் அறையிலும் பேச்சு வேண்டாம், இனி நகர்த்தலை நம் பஜார் வழக்கப்படி துண்டுக்குள்தான் சொல்லவேண்டும் என்றார். முதல் பிடி எந்தக் காய், அடுத்த பிடிகள் எந்தக் கட்டம். வீரபாண்டிக்கு இது கூத்தாக இருந்தது. ஜெபமணி மட்டும், "துண்டு பிழைப்புக்கு மாப்ளே, விளையாட்டுக்கு இல்ல" என்றார். என்றாலும் நண்பன் கேட்கிறானே என்று துண்டை எடுத்துக் கொடுத்தார்.

மற்றவர்களிடம் சுயம்புலிங்கம் சொன்னது உண்மையான நகர்த்தல். ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கி வைப்பது, அவ்வளவுதான். ஜெபமணியின் விரலைப் பிடித்து மட்டும் வேறொன்று சொன்னார். இந்த நகர்த்தலை அனுப்பிவிட்டு அடுத்ததாக மந்திரியைப் பாய்ச்சி, அவர்கள் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் ஓரச் சிப்பாயை வெட்டப்போகிறோம் என்று. அப்படி ஒரு எண்ணமே அவருக்குக் கிடையாது. ஜெபமணி துண்டுக்குள்ளேயே அவர் விரலை லேசாகத் தட்டி, வேண்டாம் என்றார். வெளியே வந்த பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் சாயங்கால பஸ்ஸில் பதில் இறங்கியது. மலைக்காரர்கள் அந்த ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளியிருந்தார்கள்.

சுயம்புலிங்கத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம். பார்த்தாயா, என் மூக்கு தப்பாகுமா என்கிற சந்தோஷம். அதற்குப் பின்னாலேயே, இனி யாரை மாப்ளே என்று கூப்பிடுவது என்கிற நினைப்பு வந்தது. அந்த நினைப்பைச் சட்டை செய்யாமல் கூட்டம் போட்டு, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டுவிட்டுப் பேசினார்.

"இந்தச் சிப்பாயத் தள்ளணும்னா ஒரு சேதி அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கணும். அந்தச் சேதிய நான் ஒருத்தர்ட்டத்தான் சொன்னேன். துண்டுக்குள்ள சொன்னேன். மருமகன் அங்கன இருக்காரு, கூடை வாராவாரம் போகுது. இதுக்கு மேல நான் சொல்லணுமா?"

ஜெபமணி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூடைய யாரோ அவுத்துக் கட்டுன மாதிரி இருந்துச்சுன்னு மக சொல்லிவிட்டா. நான் எலின்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "துண்டுக்குள்ள பிடிச்ச விரல நான் வெளிய விட்டேன்ங்கிற. யோசிச்சுச் சொல்லு மாப்ளே. என் பிழைப்பு இது."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

"சிப்பாயத் தள்ளுறதுக்கு என் துண்டு எதுக்குய்யா? ராஜாவுக்குப் பயந்தவன் மொதல்ல தள்ளுற காயே அதுதான."

"அது உமக்கு இப்பத் தோணுது."

ஜெபமணி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தாழ்ப்பாளை நீக்கிப் படியிறங்கிப் போனார். சுயம்புலிங்கம் தானே எழுந்து கதவை மறுபடி சாத்தினார். இங்கே பேசியது இந்த அறையை விட்டுப் போகக்கூடாது என்று மூன்று பேரிடமும் சத்தியம் வாங்கினார்.

போகாமல் இருக்குமா? அவர் கீழே இறங்கிக் கிட்டங்கியைப் பூட்டுவதற்குள் எதிர் டீக்கடையில் அதுதான் பேச்சு. ஜெபமணி துண்டு கசியுதாம். யார் சொன்னது? சுயம்புலிங்கம் அண்ணாச்சியே சொன்னாகளாம். சதுரங்கத்தில் என்பது முதல் டீயிலேயே உதிர்ந்து போய்விட்டது, கசிந்தது என்பது மட்டும் நின்றது. அடுத்த சந்தையில் மலையிலிருந்து வந்தவர்கள் ஜெபமணி கடைப்பக்கம் வந்து, கும்பிட்டு, பிள்ளை குட்டி சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, அடுத்த தரகரிடம் போய்க் கை நீட்டினார்கள். ஜெபமணி துண்டை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த சந்தையிலும் அப்படித்தான்.

"ஒரு மனுசன் பிழைப்புல மண்ணள்ளிப் போட்டாச்சு. இனியாச்சும் தூக்கம் வருதா உங்களுக்கு?" என்று கேட்டாள் பாண்டியம்மாள். சுயம்புலிங்கம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஆட்டமும் விளங்கவில்லை. நகர்த்தலைச் சுயம்புலிங்கம் தனியாகவே முடிவு செய்தார், யாரிடமும் சொல்லவில்லை. கசிய வழியே இல்லாத அந்த நகர்த்தல்களில் முதலில் ஒரு குதிரை போனது, பிறகு யானை போனது, கடைசியில் மானமும் போனது. தோல்வியை ஒப்புக்கொண்டு பஸ்ஸில் சொல்லிவிட்டார்கள்.

பேச்சுப்படி விருந்து. மலைக் கிளப்பின் சார்பில் எஸ்டேட் டீ மேக்கர் மாத்தன் இறங்கி வந்தார். தொழிற்சாலையைக் கவனிக்கிற அதிகாரி, கோட்டயம் பக்கத்து ஆள், பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. பாண்டியம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். சங்கரலிங்கமும் வீரபாண்டியும் பக்கத்து இலையில். மாத்தன் இரண்டாவது முறை சோறு வாங்கும்வரை சுயம்புலிங்கம் பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"அந்த ஓரச் சிப்பாயத் தள்ளுனீகளே, அது எப்படித் தோணுச்சு?"

"ஏது சிப்பாய்?" என்று மாத்தன் எலும்பைக் கடித்துக்கொண்டே யோசித்தார். "ஓ, அதா? சாரே, எங்க போர்டு மஸ்டர் கொட்டகையில மாட்டியிருக்கு. காலையில வேலைக்குப் பேர் கொடுக்க வர்றவங்க எல்லாரும் பார்ப்பாங்க. எல்லாரும் வாயி வைப்பாங்க. போடிக்காரங்க மந்திரி நம்ம ராஜாவப் பார்க்குது, சிப்பாயத் தள்ளு, சிப்பாயத் தள்ளுன்னு ஒரு வாரமா ஒரே பகளம், ஒரே சத்தம். எனக்குத் தலைவேதன. தள்ளினா வாய மூடுவாங்களேன்னு தள்ளினேன். நல்ல கோழி, சேச்சி."

"எங்க ஊருலருந்து சேதி..." என்று ஆரம்பித்தார் சுயம்புலிங்கம்.

"உங்க ஊரா? உங்க போர்டும் வெளியிலதான இருந்துச்சு. ஞானதுரை, ஆபீஸ் பையன், உங்க தரகர் மருமகன், அவன்கிட்ட ஒரு தடவ கேட்டுப் பார்த்தேன். மாமனார் காதுல விழுந்தா வீட்டுக்குள்ள சேர்க்கமாட்டாரு, என்னக் கேக்காதீங்கன்னுட்டான்" என்று சொல்லிச் சிரித்தார் மாத்தன்.

சங்கரலிங்கம் இலையை மூடினார். வீரபாண்டி தண்ணீர் குடித்தார். பாண்டியம்மாள் கரண்டியோடு நின்று கணவனைப் பார்த்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று சுயம்புலிங்கத்துக்கு இருந்தது.

அன்று சாயங்காலமே ஜெபமணி வீட்டுக்குப் போனார். சுகிர்தம் வாசலில் நின்று, "அவுக செபத்துல இருக்காக" என்றாள். உள்ளே ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுயம்புலிங்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் அறைக் கதவிலிருந்த போர்டைக் கழற்றினார். அது போதாது என்று அவருக்கே தெரிந்தது. பஜாரில் கெட்ட பேர் பஜாரில்தான் நல்ல பேராக வேண்டும். சந்தை நாள் வரும்வரை காத்திருந்து, கூட்டம் நெரியும் நேரத்தில், தன் கிட்டங்கியின் முதல்தரக் காயைச் சாக்குச் சாக்காக வண்டியில் ஏற்றி ஜெபமணி கடை முன்னால் கொண்டுபோய் இறக்கினார். வெளியூருக்கு அனுப்ப வைத்திருந்த சரக்கு அது. மலைக்காரர்களும் தரகர்களும் என்ன ஏதென்று கூடினார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் காரியத்தை நாலுபேர் கேட்கச் சொல்கிறார். "ஜெபமணி துண்டு கசிஞ்சதுன்னு சொன்னது நான். அது பொய். கசியல. விளையாட்டுக் காயி விசயத்துல எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. பொம்பளப்பிள்ள வீட்டுக் கூடையத் தொறந்து பாத்தவனும் நான்தான். என் சரக்கு பூராவும் இன்னைக்கு இவரு துண்டுலதான் விலையாகும்."

சுயம்புலிங்கம் படியேறி, ஜெபமணிக்கு எதிரே உட்கார்ந்து, வலது கையை நீட்டினார்.

"மாப்ளே" என்றார்.

ஜெபமணி அந்தக் கையைப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் சுயம்புலிங்கம் எப்படியாவது பேசிச் சரிக்கட்டியிருப்பார். ஜெபமணி தோளிலிருந்த துண்டை எடுத்தார், நாலாக மடித்தார், தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"வாங்க அண்ணாச்சி" என்றார். "விலைய வாயால சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு சுயம்புலிங்கம் அதை இழுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு விலையைச் சொன்னார். சரியாகக் கேட்கவில்லை என்று யாரோ பின்னாலிருந்து சொன்னதால் இன்னொருமுறை சத்தமாகச் சொன்னார். ஜெபமணி அதைவிடச் சத்தமாகக் கூட்டத்துக்கு எடுத்துச் சொல்லி, பேசி, நல்ல விலைக்கே முடித்துக் கொடுத்தார்.

பின்னால் மலையிலிருந்து வந்த ஒருவன் தயங்கித் தயங்கிப் படியேறி வந்தான். ஜெபமணி மடியிலிருந்த துண்டைப் பிரித்துக் கைமேல் போட்டுக்கொண்டார். அவன் கையை உள்ளே விட்டான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். சுயம்புலிங்கம் எழுந்து அவர்களுக்கு இடம் விட்டார்.